தலைவருக்கு பிரஷர் கிடையாது

மாத்திரை தொடாதோர் நடைச் சங்கத்தின் தலைவருக்குப் பித்தப்பையில் கல் என்றதும் சங்கமே ஆடிப்போனது. கல்லுக்கு ஆபரேஷன்தான், மாத்திரை இல்லை என்று செயலாளர் விளக்கிய பிறகே எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாத்திரை போட்டுப் பிடிபட்ட தையல்காரரை மேடையிலேயே நிற்க வைத்துச் சங்கத்தை விட்டு நீக்கியவர் அல்லவா தலைவர்!

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து தலைவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். தலைவரின் மகளைவிடச் சின்னவர். கட்டிலைச் சுற்றி மனைவி, செயலாளர், பழக்கூடையோடு உறுப்பினர்கள்.

"கொஞ்சம் கூடுதலா இருக்கே சார். பிரஷர் உண்டா?"

"எனக்கா? மாடிப்படி ஏறி வந்தேம்மா. லிஃப்ட்டெல்லாம் சோம்பேறிங்களுக்கு."

"குறட்டை?"

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்ற அளவுக்கு" என்றாள் மனைவி.

"சிகரெட்? தினமும் ஏதாவது மாத்திரை? இதெல்லாம் மயக்கத்துல இருக்கும்போது பிரஷரை எகிற வெச்சிடும். மறைக்காம சொல்லுங்க."

"யாரைப் பாத்து கேக்குறீங்க!" என்று செயலாளர் சிரித்தார்.

தலைவரும் சிரித்தார். பல வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துடைக்கும் துணிக்கு அடியில் குடியிருந்த பிரஷர் மாத்திரை அட்டை இப்போது வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் யார் கண்ணிலாவது பட்டால்? அட்மிஷன் தேதி குறித்த அன்றே விழுங்குவதையும் நிறுத்திவிட்டார். மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்க ஒரு ஒத்திகை.

மயக்கம் தெளியும்போது மனைவியின் குரல் கேட்டது.

"தலைவலின்னு கூட படுக்காத மனுஷன்! பாதி ஆபரேஷன்ல பிரஷர் எகிறி, வேலையை நிறுத்திட்டு நின்னாங்களாமே? நீ போட்ட ஊசிதான்மா காரணம்."

"அளவு பாத்துதாம்மா கொடுத்தேன்..." டாக்டரின் குரல் உடைந்திருந்தது.

"விடக்கூடாது அண்ணி" என்றார் செயலாளர். "சங்கமே திரண்டு வந்து கேக்கும்."

கண்ணைத் திறக்காமலே கிடந்தால் போதும். மயக்கம் இன்னும் கொஞ்ச நேரம் கைகொடுக்கும். தலைவர் அப்படித்தான் கிடந்தார். டாக்டர் அருகே வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ட்ரிப்ஸைச் சரிசெய்தார். ஒரு சொட்டு தலைவரின் மணிக்கட்டில் விழுந்தது. ட்ரிப்ஸ் தண்ணீர் அல்ல, வெதுவெதுப்பாக இருந்தது.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல." மேடைகளை அதிரவைத்த குரல் காற்றாய் வந்தது. "நான் பிரஷருக்கு மாத்திரை போடுவேன். திடீர்னு நிறுத்திட்டேன்."

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சங்கக் கொள்கைன்னு சொல்லி இத்தனை வருஷமா என்னையும் உப்பில்லாம தின்ன வெச்சீங்களே!"

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாள். "மன்னிச்சிடும்மா. தெரியாம பேசிட்டேன்."

யாரிடமும் தணிந்து போகாதவள். அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்க முடியாமல் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பரவாயில்லம்மா. மாத்திரை பேரு சொல்லுங்க சார், திரும்ப ஆரம்பிக்கணும்."

சொன்னார். கையில் பட்டை இறுகியது. தலைமாட்டுத் திரையில் எண் ஏறி நின்றது. பழக்கூடையோடு வந்தவர்கள் எல்லோரும் அதை ஆளுக்கொரு தடவை படித்தார்கள்.

செயலாளர் காதருகே குனிந்தார். "தலைவரே, அந்த மாத்திரை போட்டா உங்களுக்கும் கை விரல் சில்லுன்னு ஆகுதா?"

தலைவர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தத் தையல்காரர்... கூப்பிட்டா வருவாரா?"