மரக்கூண்டில் வெல்லப்பாகு

யுத்தகாலத்தில் ஒரு தபசுகாலம், ஈஸ்டருக்கு முன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லித் தீர்க்கும் நாட்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பங்குக்கோயிலில் சமையல் பார்த்த இருதயமேரி வளர்த்த தேனீக்கள் பெட்டியை விட்டு ஓடிப்போயின. காரணம் பங்குச்சாமியார். பிரெஞ்சுக்காரர். அவள் தடுக்கத் தடுக்கப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். நம்மூர்த் தேனீக்கு ரோஷம் அதிகம். மொத்தக் கூட்டமும் கிளம்பி, கோயிலுக்குள் அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டில் குடியேறியது. தெரியாமல் போய் உட்கார்ந்தவர், எங்கே கொட்டியது என்று யாரிடமும் சொல்லவில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டார். ஊர்ப் பாவிகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இருதயமேரியின் தேன் வெறும் தண்ணீர் என்று சொல்லித் திரிந்தவன், சந்தையில் மலைத்தேன் விற்ற பெரியநாயகம். அவளுடையது இளகலாக, லேசான புளிப்போடு இருக்கும், நாளானால் பொங்கும். அவனுடையது கரண்டியை விட்டு இறங்கவே யோசிக்கும். சாமியாரும் அதைத்தான் ரொட்டியில் தடவிக்கொண்டார்.

ஒரு மத்தியானம், கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்து, சாமியாரின் பழைய வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டு இருதயமேரி கூண்டுக்குள் நுழைந்தாள். சாணிப்புகை போட்டு, திரும்பப் பெட்டியில் கட்டுவதற்காகத் தேனடைகளை அறுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே வெள்ளை அங்கியைக் கண்டு, சாமியார்தான் என்று நம்பி, சல்லடைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் யாரோ முழங்கால் போட்டார்கள்.

"சாமி, தேன்ல வெல்லப்பாகு கலந்துகினு இருக்கேங்க." பெரியநாயகத்தின் குரல்.

நான் சாமியார் இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், குரலைக் கனமாக்கி, சாமியாரின் புத்தகத் தமிழில் கேட்டாள்.

"எவ்வளவு கலக்கிறாய்?"

"பாதிங்க." கொஞ்சம் யோசித்தான். "முக்காலுன்னே வச்சிக்கோங்க."

"இருதயமேரியின் தேன் நல்லதென்று ஊரில் சொல். அதுவே உன் அபராதம்."

"அது தண்ணிங்களே சாமி."

பதில் சொல்வதற்குள் ஒரு தேனீ அவள் உதட்டில் கொட்டியது. "அய்யோ எம்மா" என்று அலறிவிட்டாள். அந்தப்பக்கமிருந்து சல்லடையில் ஒரு கண் வந்து ஒட்டியது.

"நீயா?" என்றான்.

இருவரும் அதைப்பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேர் மானமும் போகும். அடுத்த சந்தையில், கல்லை மென்றவன் முகத்தோடு பெரியநாயகம் அவள் தேனைப் புகழ்ந்தான். தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பின. சாமியார் பெட்டிப் பக்கமே போகவில்லை.

ஆனால் அடுத்தவன் பாவத்தைக் கேட்டது அவளை உறுத்தியது. உதட்டு வீக்கம் வடிந்ததும் புதுச்சேரிக்குப் போய், முன்பின் அறியாத ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சல்லடைக்குப் பின்னால் அவர் வெகுநேரம் இருமினார். பிறகு, முழங்காலில் நின்று ஜெபமாலை முழுவதும் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இருமியதுதானா என்று மட்டும் அவளுக்குச் சந்தேகம்.