முப்பத்தேழோடு நிறுத்தினாள்

41

இந்தக் கதை ஒரு டயாலிசிஸ் படுக்கையில் பிறந்தது. சொல்ல வெட்கமில்லை, எரிச்சல்தான் இருக்கிறது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பள்ளிப்பட்டில் பரந்தாமன் என்றொரு தறிக்காரர், அவர் மனைவிக்குச் சிறுநீரகம்...' அடித்துவிட்டேன். எந்தப் பரந்தாமன்? நான்தான். திருத்தணியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்தப் படுக்கையில் போய்ப் படுக்கிறவள் என் மனைவி புஷ்பலதா.

43

பிரிவுகளுக்கு ஏன் இந்த எண்கள் என்று கேட்பீர்கள். பூஜ்ஜியத்திலிருந்து வரிசையாக எண்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கி, அதே எண்ணைக் கூட்டி, மேலே 41 போடுங்கள். 41, 43, 47, 53... வருவதெல்லாம் பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத முரட்டுப் பயல்கள். (கதையில் 'பயல்கள்' வேண்டாம். சரி, இருந்து தொலையட்டும்.)

47

டியூஷன் போர்டில் நான் எழுதிப் போட்டிருந்ததைப் புஷ்பா பிடித்துக்கொண்டாள். டயாலிசிஸுக்கு அரக்கோணம் ரயில் ஏறும்போதெல்லாம் அடுத்த எண்ணைப் போட்டுப் பார்ப்பாள்.

"பகா எண்தான். இன்னிக்கும் வூட்டுக்கு வந்துடுவேன்."

வந்துவிடுவாள். மலைமேல் இருக்கிறவனுக்குக் காவடி நேர்ந்துகொள்ளச் சொன்னால், "அவருக்கு ஆயிரம் வேலை, எனக்கு இதுவே போதும்" என்பாள்.

53

போன வாரம் கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மாற்றி மாற்றிக் குத்தினார்கள். திரும்பி வந்ததும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலங்க. கணக்கு வர்ற வரைக்கும் வர்றேன். என்னிக்குப் பகா எண் வரலியோ, அன்னியோட நிறுத்திடலாம். நீங்க வம்பு பண்ணாம வுட்டுடணும்."

"ஆங்" என்றேன். நிறுத்தினால் சில நாட்கள்தான் என்பது இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது...

(இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

61

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன். முதல் முடிவில் அவளுக்குச் சிறுநீரகம் கிடைக்கிறது. பொய். என்னுடையதே பொருந்தவில்லை. இன்னொன்றில் கணக்கு என்றைக்கும் தவறுவதில்லை. அதைவிடப் பெரிய பொய். நாற்பது எண்கள் நல்ல பிள்ளையாக வரும். 1601 வரை வந்தாயிற்று. நாளைக்கு 1681. அது 41 பெருக்கல் 41. ஆரம்பித்து வைத்த எண்ணே குழி பறிக்கிறது, பாழாய்ப்போன கணக்கு!

(குறிப்பு: இதை மாற்றக் கணக்கு வாத்தியாருக்கு அதிகாரமில்லை. கதை எழுதுகிறவனுக்கும் இல்லை.)

1681

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து நாளைய கணக்கை இன்றைக்கே போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் வகுத்துக்கொண்டே வந்தவள், முப்பத்தேழில் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எதாலயும் போவல. முப்பத்தேழு வரைக்கும் பாத்துட்டேன். போதுமில்ல?"

அடுத்த பகா எண் 41. இன்னும் ஒரே ஒரு வகுத்தல். தெரியாமல் நிறுத்தினாளா? இல்லை, எல்லாம் தெரிந்தே, என் வாயால் கேட்கவேண்டும் என்று நிறுத்தினாளா? போதும் என்றால் அந்த ஊசிக்கு அவளை மறுபடி இழுத்துப்போகிறேன். போதாது என்றால் நானே அனுப்பிவைக்கிறேன். ஐயோ, என்னால் ஆகாது. உங்களுக்கு அவள் யாரோதானே, நீங்கள் சொல்லுங்கள். இங்கே இடம் விடுகிறேன்: (                    )

"என்னாங்க, எழுதிக்கினே இருக்கீங்க? கேக்குறனில்ல, போதுமா?"