மலிவு விலையில் ஒரு டர்போ

"மிதி! இன்னும் மிதி! பயப்படாம மிதி!"

பானெட்டைக் கழற்றி வீசிய காரின் மூக்கில் பாதி உடம்பை நுழைத்து, ஓர் இரும்புக் குழாயோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினான் அவன்.

உள்ளே, கால்களை அறுத்துத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மனைவி. கழுத்தில் தையல் டேப். கால் ஆக்சிலரேட்டரில். தையல் மெஷினை மிதித்துப் பழகிய கால் அல்லவா, நன்றாகவே மிதித்தாள்.

'ஊஊஊய்ய்ய்' என்று ஒரு விசில் கிளம்பியது. அவன் முகத்தில் பரவசம்.

"வருது பாரு! வருது பாரு!"

வந்தது.

படார்!

குழாயையும் என்ஜினையும் இணைத்திருந்த ரப்பர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு கிளம்பி, அவன் காதை நூலிழையில் தவறவிட்டு, எதிரே இருந்த இரும்பு அலமாரியின் விளிம்பில் மோதி விழுந்தது. அலமாரியில் இருந்த நட்டு போல்ட் டப்பாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பதவி விலகின.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!"

"நீங்கதானே மிதிக்கச் சொன்னீங்க?"

"மிதிக்கச் சொன்னேன். கொல்லச் சொன்னேனா?"

"அதைத் தனியா சொல்லணுமாக்கும்" என்று சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கினாள். கதவைத் திறந்து இறங்கவில்லை. கதவு இருந்தால்தானே? எடையைக் குறைக்கிறேன் என்று கதவு, கண்ணாடி, பின்சீட்டு எல்லாவற்றையும் அவன் ஏற்கனவே குறைத்திருந்தான்.

இத்தனைக்கும் அவன் மெக்கானிக் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில், விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து பார்த்து, ஏன் பணம் தர முடியாது என்று எழுதித் தருகிற உத்தியோகம். 'கம்பெனி பொருத்தாத உதிரி பாகம்' என்ற நான்கு சொற்களால் எத்தனையோ குடும்பங்களை அழ வைத்தவன். இப்போது அவன் கட்டிக்கொண்டிருக்கும் காரில் கம்பெனி பொருத்திய பாகம் ஒன்றே ஒன்று மிச்சம்: ஹாரன். அது அடிக்காது.

கார் மாமனாருடையது. அவர் தன் கல்யாணத்துக்கு முன் வாங்கியது. நீள மூக்கும் அகலமான பின்புறமுமாக, ஒரு காலத்தில் கம்பீரமாக இருந்திருக்க வேண்டும். மருமகன் அதற்குச் சுவர் அடிக்கிற பிரஷ்ஷால் கறுப்பு பெயிண்ட் பூசினான். பின்னால் லாரியிலிருந்து கழற்றியது போல் தடித்த டயர், முன்னால் ஸ்கூட்டரிலிருந்து இரவல் வாங்கியது போல் ஒல்லி டயர். நேர்கோட்டில் கண் இமைக்கும் நேரத்தில் பறக்கிற பந்தயக் கார்கள் அப்படித்தான் இருக்குமாம். வீடியோவில் பார்த்திருக்கிறான்.

டர்போ என்பது நத்தை வடிவில் ஓர் இரும்பு உருப்படி. என்ஜின் கக்கும் புகையின் வேகத்திலேயே சுற்றி, வெளிக்காற்றை அள்ளி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் வேகம் கூடும். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே எங்கோ கவிழ்ந்து கிடந்த டீசல் வேனிலிருந்து ஒன்றைப் பேரம் பேசி எடுத்து வந்தான். மற்ற பாகங்களை எல்லாம் வீடே வழங்கியது. சூட்டைத் தடுக்க, கேக் வேக வைக்கிற தட்டு. ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க, பிஸ்கட் டப்பா. காற்றழுத்தம் காட்டுகிற மீட்டருக்கு, மாமனாரின் பிரஷர் பார்க்கும் கருவியின் முள்வட்டு.

"என் பிரஷர் மெஷின் எங்கே?" என்று அவர் மாடியிலிருந்து கேட்டபோதுதான் அவருக்கு உண்மையாகவே பிரஷர் ஏறியது.

வீடும் அவருடையது, ஷெட்டும் அவருடையது என்பதால் தீர்ப்பும் அவருடையதாக இருந்தது.

"மாப்பிள்ளை, ஷெட்டை நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்க. என் பொண்ணு ஹால்ல மெஷினைப் போட்டுக்கிட்டு, பெட்ரூம்ல ஆளுங்களுக்கு அளவு எடுக்கறா. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அங்க யாராவது நிக்கறாங்க. இது சரிப்படாது."

"மாமா, கார் முடியப் போகுது…"

"ஞாயித்துக்கிழமை ஓடுதளத்துல ஓட்டிக் காட்டுங்க. என் மகன் காரை ஜெயிச்சா ஷெட் உங்களுக்கு. தோத்தா திங்கக்கிழமை கார் காயலான் கடைக்கு, ஷெட் அவளுக்கு."

மகன், அதாவது மச்சான், பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்குகிறவர். அவருடைய கார் போன மாதம்தான் வந்தது. கதவைத் திறந்தால் வணக்கம் சொல்லும். ஒருமுறை ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், கால் சட்டையில் கறை படாதபடி வாசலிலேயே நின்று, "மாப்ளே, இது காரா, சக்கரம் வச்ச குக்கரா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை இவ்வளவு அவசரம். நாளை பந்தயம். ஹோஸ் இப்போது அலமாரிக்கடியில்.

அவன் குப்புறப் படுத்து அதை வெளியே இழுத்தான். மேல்பக்கத்தைப் பார்த்தான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஆகல. கிளாம்புதான் மட்டம். கம்பி போட்டு முறுக்கிட்டா நகராது."

மனைவி கழுத்திலிருந்த டேப்பை உருவி, சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"வெட்டுற மேஜை இங்க வரும். அளவு எடுத்து வச்சுக்கறேன்."

"பந்தயம் நாளைக்குத்தான்!"

"அதான் இன்னிக்கே எடுக்கறேன். நாளைக்கு நீங்க அழுதுக்கிட்டு இருப்பீங்க, அப்ப போய் எப்படிக் கேக்கறது?"

ஜன்னலை அளந்தாள். அலமாரியை அளந்தாள். போகிற போக்கில், என்ஜினுக்கு முன் வாயைப் பிளந்து நின்ற இரும்புக் குழாயையும் டேப்பால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"அதுக்கும் சட்டை தைக்கப் போறியா?"

"ராத்திரி குளிருமேன்னு பார்த்தேன்."

அவன் சிரித்தான். கேலி செய்யவாவது பக்கத்தில் நிற்கிறாளே!

கம்பி வாங்கக் கிளம்புவதற்கு முன், வழக்கம்போல் குழாய் வாயில் ஒரு பழந்துணியை அடைத்தான். இதில் மட்டும் அவன் சுத்தக்காரன். திறந்த குழாய்க்குள் ஒரு நட்டு விழுந்தால் டர்போ தூள். அதே சமயம், அடைத்த துணியை எடுக்க மறந்து வண்டியைக் கிளப்பிய மேதாவிகளின் மனுக்களை அவனே நிராகரித்திருக்கிறான். ஆகவே ஒவ்வொரு துணியிலும் ஒரு சிவப்பு நூலை வால் போலத் தைத்துத் தரச் சொல்லி மனைவியிடம் வாங்கி வைத்திருந்தான். வால் வெளியே தொங்கினால் துணி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு முன்யோசனை!

கடையிலிருந்து திரும்பினான். சிவப்பு வால் தொங்கியது. பிடித்து இழுத்தான். துணி வந்தது. ஹோஸை மாட்டி, கம்பியைப் பற்களைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். வேலை முடிந்தது.

ஞாயிறு காலை, விமானங்கள் கைவிட்டுப் போன பழைய ஓடுதளம். வாராவாரம் அங்கே கூடி டயர் தேய்க்கிற கோஷ்டி ஒன்று, வீட்டிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் தன் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது.

மச்சான் குளிர்கண்ணாடியோடு இறங்கினார்.

"மாப்ளே, ஹெல்மெட் போட்டிருக்கீங்களே, நல்லது. பல்லு பத்திரம். உடைஞ்சா வாங்க, சொந்தக்காரங்களுக்கு முதல் பல் இலவசம்."

"பின்பக்கம் பாக்கற கண்ணாடியில என்னைத் தேடாதீங்க மச்சான். நான் முன்னால இருப்பேன்."

"முன்னாலயா? யாரு தள்ளுவாங்க?"

கூட்டம் சிரித்தது. அவன் மனைவியும் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள் என்று அவனுக்குத் தோன்றியது. அண்ணன் சொன்ன ஜோக்காயிற்றே என்று மன்னித்தான்.

மாமனார் கைக்குட்டையை உயர்த்தினார். இறக்கினார்.

அவன் மிதித்தான்.

'ஊஊஊய்ய்ய்ய்!' டர்போ அலறியது. பிரஷர் முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போய், அங்கேயே நின்று நடுங்கியது. மாமனாருக்கு அப்படி ஏறியிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். பின்னால் தடித்த டயர்கள் கத்தின. கதவும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் எலும்புக்கூடாக இருந்த கார், கயிறு அறுந்த கன்றுக்குட்டி போல் துள்ளி ஓடியது. அதோடு, எண்ணெய் ஒழுகிய புண்ணியத்தில், நீலநிறப் புகை ஒன்று பின்னால் கிளம்பியது. சாதாரணப் புகையா அது? சுவர்!

மச்சானின் கார் இரண்டே நொடியில் எட்டிப் பிடித்திருக்கும். ஆனால் அது அறிவுள்ள கார். முன்னால் நீலச் சுவரைப் பார்த்தது. "எதிரில் தடை உள்ளது" என்று இனிய பெண்குரலில் அறிவித்தது. தானாகவே பிரேக்கைப் போட்டு நின்றுவிட்டது.

"ஏய், அது புகை! போ! போய்த் தொலை!" என்று பல் டாக்டர் ஸ்டீயரிங்கைக் குத்தினார். கார் அவர் உயிரைக் காப்பாற்றியே தீருவது என்ற முடிவில் இருந்தது.

அவன் முடிவுக் கோட்டைத் தாண்டினான்.

கூட்டம் ஓடி வந்து அவனை நாற்காலியோடு தூக்காத குறை. "அண்ணே, அந்த விசில்! அப்பப்பா!" என்றான் ஒருவன். "எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றான் இன்னொருவன். மாமனார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஷெட் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவியைத் தேடினான். அவள் முடிவுக் கோட்டருகே, வாயைக் கையால் பொத்தியபடி, நம்பவே முடியாமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வேறு. புருஷன் ஜெயித்ததற்கு இப்படி உருகுகிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனான்.

"எப்படிங்க ஓடிச்சு?" என்றாள் மெல்ல.

"எல்லாம் டர்போம்மா, டர்போ!"

அன்று சாயங்காலம், அதிகாரபூர்வமாகத் தன்னுடையதாகிவிட்ட ஷெட்டில், ஜெயித்த மண்டைக்கனத்தோடு சீட்டியடித்துக்கொண்டே ஹோஸைக் கழற்றினான். இரண்டு பேர் ஆர்டர் கொடுத்தாயிற்று. அளவு பார்த்து வைக்க வேண்டாமா?

ஹோஸ் கையில் வந்தது. சீட்டி நின்றது.

அடிப்பக்கத்தில் ஒரு கிழிசல். உள்ளங்கை நீளம். நேற்று அலமாரி விளிம்பில் பட்ட இடம்.

விபத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. இத்தனை பெரிய கிழிசலோடு டர்போ காற்றைத் திணித்திருந்தால், முதல் நொடியிலேயே ஹோஸ் வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். கார் கிளம்பிய கோட்டிலேயே இருமிவிட்டு நின்றிருக்க வேண்டும். ஏன் வெடிக்கவில்லை?

டார்ச்சை எடுத்து இரும்புக் குழாய்க்குள் அடித்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது. கம்பியை வளைத்து, கொக்கி போட்டு இழுத்தான். வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தான். 'பொளக்' என்று வந்து மடியில் விழுந்தது.

துணி.

அட கடவுளே! துணியை உள்ளேயே விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறான்!

அப்படியானால் டர்போ விசில் அடித்ததோடு சரி. ஒரு மூச்சுக் காற்றுகூட என்ஜினுக்குப் போகவில்லை. அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏறித்தான் முள் அந்த ஆட்டம் ஆடியிருக்கிறது. பாவப்பட்ட என்ஜின் அந்தக் கிழிசல் வழியாகத்தான் மூச்சு வாங்கி, மாமனார் காலத்தில் ஓடிய அதே ஓட்டத்தை ஓடியிருக்கிறது. துணி இல்லையென்றால் ஹோஸ் வெடித்திருக்கும். கிழிசல் இல்லையென்றால் என்ஜின் மூச்சு முட்டி நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் ஜெயித்தான்!

இது வெளியே தெரிந்தால்? மச்சான் ஆயுளுக்கும் சிரிப்பார். மாமனார் காயலான் கடைக்காரனுக்கு இப்போதே போன் போடுவார்.

யாரும் பார்க்கவில்லையே என்று வாசலைப் பார்த்துவிட்டு, துணியைப் பையில் திணிக்கப் போனவன் நின்றான். சிவப்பு வாலைத் தேடினான்.

வால் இல்லை.

இது அவன் துணியே இல்லை. நீலநிறம். பள்ளிச் சீருடைத் துணி. டார்ச் வெளிச்சத்தில் திருப்பினான். கசக்கித் திணித்த கந்தல் இல்லை அது. உருண்டையாக, குழாயின் சுற்றளவுக்கு ஒரு நூல்கூட மிகாமல் குறையாமல், உள்ளே வெட்டுத்துணி அடைத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்ட குட்டித் தலையணை.

'கிறீச்… கிறீச்…' என்று சக்கரச் சத்தம் கேட்டது.

மனைவி தையல் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். நேராக ஜன்னலோரம் போய் நிறுத்தினாள். பிரேக் போல ஒரு செங்கல்லைச் சக்கரத்தடியில் உதைத்துச் செருகினாள்.

"ஏய்… ஏய், என்ன இது? ஜெயிச்சது நான். ஷெட் எனக்குன்னு உங்கப்பா சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். மேலதான் இருக்கார். எப்படி ஜெயிச்சீங்கன்னு போய் விவரமா சொல்லிட்டு வாங்க, நான் மெஷினை எடுத்துடறேன்."

அவன் மாடிப் பக்கம் பார்த்தான். சொன்னால் அவள் செய்தது தெரியும். ஆனால் கார் செய்யாததும் சேர்ந்து தெரியும்.

அவள் கழுத்து டேப்பை உருவி மேஜைக்கு இடம் அளக்க ஆரம்பித்தாள். பாதியில், அவன் கையில் இருந்த நீல உருண்டையைப் பார்த்து, எந்த வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே அக்கறையோடு கேட்டாள்:

"அளவு சரியா இருந்துச்சுங்களா?"