கடைசி வேனுக்கு முன்னால்

பாலத்து ஓட்டப் பந்தயத்தில் வருஷா வருஷம் யார் முதலில் வருகிறார்கள் என்பது பற்றி மெக்கானிக்குக்கு அக்கறையே கிடையாது. அவருடைய தொப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பகையெல்லாம் எல்லாருக்கும் பின்னால் ஊர்ந்து வரும் வேனோடுதான். அது யாரை முந்துகிறதோ அவர் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது விதி. அவர் தவறாமல் ஏறி உட்கார்ந்தார். வேனை ஓட்டுவது மனைவியின் தம்பி என்பதால் அவமானம் வீடு வரைக்கும் கூடவே வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனது.

இந்தத் தடவை சொந்தக் காலில் வந்து சேருவதாக மனைவியிடம் சவால் விட்டிருந்தார். "பார்க்கலாம்" என்றாள் அவள். அதில் துளி நம்பிக்கை இல்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் அந்த வேன் சர்வீசுக்கு அவர் பட்டறைக்கே வந்ததுதான் வினை. ஆயில் மாற்றினார், பிரேக் பார்த்தார். கடைசியில் கை அரித்தது. இன்ஜின் அணைந்துவிடாமல் ஓட வைக்கும் ஐட்லிங் திருகாணியை இம்மியளவு குறைத்து வைத்தார். வண்டி கொஞ்சம் மெல்ல வரட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

பாலம் நடுவில் மேடு தட்டி நிற்கும். அந்த ஏற்றத்தில் அவர் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வேன் இருமியது, முக்கியது, அடங்கியது. அவர் மனசு துள்ளியது. கொஞ்ச தூரம் காலும் துள்ளியது. அப்புறம் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். மச்சான் சாவியைத் திருகித் திருகி பேட்டரியையும் கொன்றிருந்தான். உள்ளே, ஓட முடியாமல் வழியில் ஏறிக்கொண்ட தபால்காரர் சுளுக்கிய காலைப் பிடித்தபடி முனகினார். பந்தயம் முடிந்து பாலத்தில் வழி விடக் காத்திருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. இன்றைக்கு மச்சானைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

"நேத்துதானே மாமா பார்த்தீங்க?" என்றான் அவன், திரும்பி வேனருகே வந்தவரிடம்.

அதற்குப் பதில் சொல்வதைவிட வண்டியைத் தள்ளுவது சுலபம். பின்னால் போய்த் தோள் கொடுத்தார். தன்னைத்தானே திட்டிக்கொண்டு உச்சி வரை தள்ளினார். உச்சி தாண்டியதும் வேன் நன்றியே இல்லாமல் தானாக உருண்டு ஓடியது. விதிப்படி முந்திவிட்டது. ஆனாலும் அவர் கால் நிற்கவில்லை. இறக்கமாயிற்றே.

எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. பிரேக் மட்டும் பிரமாதம். மச்சான் தலையை நீட்டினான்.

"போங்க மாமா. வண்டி இன்னும் வந்து சேரல."

வேனை உரசிக்கொண்டு கோட்டைத் தாண்டியவர் மனைவி மேலேயே போய் மோதினார். அவள் சிரித்தபடி துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று கேட்டாள். கிரீஸ் என்றார்.

மச்சான் இறங்கி வந்து அவர் காதோரம் குனிந்தான். "நாளைக்கு வண்டியக் கொண்டு வர்றேன் மாமா. அந்த ஐட்லிங்க மட்டும் பழையபடி கூட்டி வெச்சிடுங்க."