கீழ்வீட்டுத் தண்ணீர் நேரம்

பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். கோத்தகிரி மலையில் அரவேணுவில் வீடு வாங்க ஆள் வருவதே அபூர்வம். வருகிற ஒன்றிரண்டு பேரையும் மனைவி கனகமணி துரத்திவிடுகிறாளே என்று சுப்பண்ணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு மூச்சிரைப்பு. பனிக்காலத்துக்குள் கோயமுத்தூருக்கு இறங்கியே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை விற்றால்தான் அங்கே வீடு.

தரகரே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். "ஊட்டைப் பாக்க வர்றவங்களை நாம பாக்க வேண்டாமுங்களா?"

கொல்லை மேட்டில் ஒரு ஊற்று. அதிலிருந்து வரும் ஒரே குழாய் இவர்கள் வீட்டுக்கும், சரிவில் தனியாக இருக்கும் சின்னம்மை வீட்டுக்கும் பிரிகிறது. மேலே திறந்தால் கீழே சொட்டு வராது. சின்னம்மை இலை பறிக்கப் போகுமுன் பிடித்துக்கொள்ளட்டும் என்று, விடிந்ததும் கொஞ்ச நேரம் மேல்வீட்டில் யாரும் குழாயைத் தொடுவதில்லை. சுப்பண்ணன் மட்டும் மறந்து திறந்துவிட்டு, கல்யாணமான நாளாக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

"வாங்கறவங்களும் அந்த நேரம் தொறக்கக் கூடாதுன்னு பத்திரத்துல எழுதிப் போடலாமே" என்றார்.

"காயிதமா வந்து குழாயை அடைக்கும்? ஆளு நல்லா இருக்கோணுமுங்க."

அதனால் வீடு பார்க்க வருகிறவர்களை விடிந்ததும் வரச்சொன்னாள். என்ன மூளை!

கோயமுத்தூர் வியாபாரி வசந்த்குமார் கோத்தகிரியில் ராத்தங்கி வந்தார். கேட்ட விலைக்கே சம்மதம். சந்தோஷத்தில் சுப்பண்ணன் குழாயைத் திறந்து, "ஊத்துத் தண்ணிங்க, பாருங்க!" என்றார். கீழேயிருந்து சின்னம்மை கத்தினாள்: "அண்ணா! தண்ணி நின்னுபோச்சு!"

"அந்தப் பக்கத்தை அடைச்சுட்டாச் சரியாப் போச்சு" என்றார் வசந்த்குமார், சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் சுப்பண்ணனுக்கு இருமல் விடவில்லை. நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கனகமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவருக்கே குடுத்துரலாமுங்க. உங்க மூச்சைவிட என்ன பெருசு?"

இதைத்தானே மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்? வாயில் வந்தது வேறு. "சும்மா இரு. இந்தப் பனியையும் பாத்துக்கலாம்."

பனிக்கு முன்பே ஜீவிதா வந்தாள். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விலை கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டாள். வழியெல்லாம் சேறு. கால் கழுவத் தண்ணீர் கேட்டவளிடம் கனகமணி, "கீழ ஊட்டுல புடிக்கிற நேரம், பொறுத்துக்கம்மிணி" என்றாள். சரியென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அந்தப் பெண். சேறு காய்ந்து வெளுத்தது. பிறகு கேட்டாள்: "வெயில் காலத்துல ஊத்து வத்துமுங்களா? வத்துனா கீழ இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

கனகமணி எழுந்து போய், குடத்துத் தண்ணீரில் காபி போட்டுக் கொண்டுவந்தாள். வசந்த்குமாருக்குக் காபி கிடைக்கவில்லை.

பத்திரம் முடிந்தது. இவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாளே ஜீவிதா சாமான்களோடு வந்துவிட்டாள். கிளம்புகிற அன்று விடிந்ததும், முகம் கழுவலாமென்று சுப்பண்ணன் குழாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஜீவிதா ஓடிவந்தாள். "அப்பா, அடைங்க அடைங்க! கீழ ஊட்டுல புடிக்கிற நேரமுங்க!"

என் வீட்டில் என்னையா என்று ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு குழாயை இறுக்கி அடைத்தார். கீழே சின்னம்மையின் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நெஞ்சு நிறைந்துபோய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

கனகமணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க, கெளம்பலாம்" என்றாள்.