சாவியில்லாத பெட்டி

பெட்டிக்குச் சாவியே இல்லையாம்! அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலில் நான்கு வருடமாகத் தொங்குகிறது அந்த ஆலோசனைப் பெட்டி. "பயமில்லாமல் எழுதுங்கள், பெயர் போட வேண்டாம்" என்று மேலே கொட்டை எழுத்து வேறு. ஆனால் அதைத் திறந்து பார்க்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா விசாரணைக்கு வருகிறார் என்றதும் மேனேஜருக்குத் திடீர் ஞானோதயம்.

"பூட்டை உடைச்சு, உள்ள இருக்கிற குப்பையெல்லாம் கொட்டிட்டு, புதுப் பூட்டு மாட்டு. சீக்கிரம்!" என்று மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டரிடம் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் மணி பார்ப்பார். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு.

ஃபிட்டர் பெட்டியைப் பட்டறை மேசையில் கவிழ்த்தார். நூறு சீட்டாவது இருக்கும். மின்விசிறி ஓடவில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காய்ச்சலுக்கு லீவு கேட்டால் கண்டபடி திட்டு. 'இந்தப் பெட்டியை யாராவது திறக்கிறீங்களா, இல்லையா?' என்று ஒரு புண்ணியவான் கேட்டிருந்தார். ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சீட்டைப் பிரித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

'மூன்றாம் நம்பர் வெட்டு மெஷினில் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். திரும்ப மாட்டுங்கள். யார் கையாவது போய்விடும்.'

வரி போகப் போக மேலே ஏறுகிற அந்த எழுத்து அக்காவுடையது. மூன்றாம் நம்பர் மெஷினை இருபது வருடம் ஓட்டியவர், எல்லோருக்கும் அக்கா. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மெஷின்தான் அவருடைய வலது கையில் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது. சீட்டிலிருந்த தேதி அதற்கும் இரண்டு மாதம் முந்தியது. 'கவனக்குறைவு' என்று சொல்லி அவரை வேலையிலிருந்து அனுப்பத்தான் இன்றைய விசாரணை. அடப்பாவிகளா!

ஃபிட்டரின் கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியது. கம்பியைக் கழற்றியது வேறு யாருமில்லை, அவர்தான். "அது இருந்தா வேலை இழுக்குது, கழட்டு" என்று மேனேஜர் சொன்னார். இவரும் வாயை மூடிக்கொண்டு கழற்றினார். இந்தச் சீட்டைக் காட்டினால் தன் வேலைக்கும் உலைதான். குப்பைக்கூடை காலடியில் இருந்தது. ஃபிட்டர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

விசாரணை அறையில், எதிரே உட்கார்ந்திருந்த அக்காவைக் காட்டி மேனேஜர் முழங்கிக்கொண்டிருந்தார். "ஆபத்துன்னு தெரிஞ்சா சொல்லணும் இல்லையா மேடம்? இவங்க ஒரு வார்த்தை சொல்லல!"

"சொன்னாங்க" என்று சொல்லி ஃபிட்டர் சீட்டை அதிகாரியம்மாவின் முன்னால் வைத்தார். "வாசல் பெட்டியில இருந்துச்சு. நாலு வருஷமா யாரும் திறக்கல."

அதிகாரியம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். மேனேஜரின் முகம் ஒரு நொடி வெளிறியது. அப்புறம் பாருங்கள், அந்த மனுஷனின் நெஞ்சழுத்தத்தை!

"பேரே இல்லாத மொட்டைச் சீட்டு மேடம். நேத்துக்கூட யாராவது எழுதிப் போட்டிருக்கலாம். இவங்க எழுத்துதான்னா, இப்ப இங்க எழுதிக் காட்டட்டுமே!"

அக்கா வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மணிக்கட்டுவரை வெள்ளைத் துணிக் கட்டு.

"என்ன சார் எழுதட்டும்?" என்று கேட்டார்.

மேனேஜர் மணி பார்த்தார்.

"பேனாவ இப்படிக் குடுங்க மேடம்" என்றார் ஃபிட்டர். "நான் எழுதித் தரேன். கம்பியக் கழட்டினது நான். கழட்டச் சொன்னது இவர். அந்தக் கை போனதுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்."

அதிகாரியம்மா பேனாவை நகர்த்தினார். ஃபிட்டர் உட்கார்ந்து, முதலில் தன் பெயரை எழுதினார்.