கழிமேட்டில் ஆளில்லை

காலை ஒன்பது மணிக்கே உப்புப் பாத்தியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அம்சவல்லி பலகையால் உப்பை வரப்போரம் இழுத்தபடி நொடிக்கொரு தரம் ஊர்ப்பக்கம் பார்த்தாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கலியமூர்த்தி சொல்லியிருந்தான். சொன்னால் அடங்குகிற கண்ணா அது?

சுருங்கிவரும் சிற்றூர்களுக்குப் புதுத் திட்டம் ஒன்று வந்திருந்தது. கழிமேட்டுக்கு அது கிடைத்தால் நின்றுபோன மினிபஸ் மறுபடியும் வரும். அவள் மகள் கீதாஞ்சலி பிளஸ் ஒன் படிக்க வரப்பிலேயே நாலு கிலோமீட்டர் நடந்து மெயின்ரோட்டுக்குப் போகிறாள். மழை வந்தால் வரப்பு மூழ்கிவிடும். பஸ் வராவிட்டால் ஐப்பசியோடு படிப்பை நிறுத்துவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"சுருங்கின ஊருக்குத்தாம்பா ஸ்கீமு," என்று முந்தின நாள் கலியமூர்த்தி ஊரைக் கூட்டிச் சொன்னான். "போன புயலுக்கு வீட்டுலயே இருந்தவங்களுக்கு இன்னா குடுத்தாங்க? பள்ளிக்கூடத்துல போய் ஒண்டினவங்களுக்குத்தான் எல்லாம். நாளைக்கு கணக்கெடுக்க ஆளு வர்றப்ப ஊரு வெறிச்சுனு இருக்கணும்."

அதனால்தான் நடமாட முடிந்த அத்தனை பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்திருந்தார்கள். குவியல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தில் நீலச்சட்டை போட்ட ஒருவன் ஒவ்வொரு வாசலாக நின்று டேப்லெட்டில் படம் எடுத்தான். பிறகு கதவில் எதையோ ஒட்டினான். என்னதான் ஒட்டுகிறான்? அம்சவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பலகையைப் போட்டுவிட்டு நடந்தாள்.

"இன்னா சார் ஒட்றீங்க?"

"ஆள் இருக்கற வீட்டுக்குப் பச்சை. பூட்டுன வீட்டுக்குச் சிவப்பு."

"செவப்பு நெறைய இருந்தாதான ஸ்கீமு?"

அவன் சிரித்துவிட்டான். "அது எப்படிம்மா? இருவத்தஞ்சு வீட்டுலயாவது ஆள் இருக்கணும். ஆளில்லாத ஊருக்கு பஸ் எதுக்கு? எல்லா வீடும் எடுத்தாச்சு, இங்க ஆறுதான் தேறுது."

அவள் உப்பளத்துப் பக்கம் திரும்பினாள். முந்தானையை உருவி வீசிக் கத்தினாள். "எல்லாரும் ஓடியாங்க! சீக்கிரம்!"

குவியல்களுக்குப் பின்னாலிருந்து ஊரே எழுந்து வரப்பில் ஓடிவந்தது. கால்களில் உப்புப் பூத்திருந்தது. கைகளில் சாவி இருந்தது.

"நல்லா பாருங்க சார். நாங்க இங்கதான் இருக்கறோம்."

அவன் நிஜமாகவே சங்கடப்பட்டான். "தெரியுதும்மா. ஆனா படம் ஏத்துனா ஏத்துனதுதான். திரும்ப எடுக்க இந்த டேப்லெட் விடாது."

"இருவத்தஞ்சு வீடுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்றான் கலியமூர்த்தி.

"சொல்லக்கூடாதுன்னுதான் ஆர்டர்."

சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்தபடி கீதாஞ்சலி வந்தாள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போவாம ஏம்மா இங்க குந்திக்கினு கீற?"

அம்சவல்லி கதவைக் காட்டினாள். கீதாஞ்சலி குனிந்து படித்தாள்: 'குடியிருப்பு இல்லை. இதை அகற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' சாவி நுழைகிற துளையின் மேலேயே சிவப்புத் தாள் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.